திரைப்பட விழாவும் தேயிலை மலையும்

சர்வதேசத் திரைப்பட விழா ஒன்று தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னராகவே ‘தவறாது பார்க்கவேண்டிய படங்கள்’ என்னும் பட்டியல்கள் வெளிவரத் தொடங்கிவிடுகின்றன. நாளேட்டின் கலைப்பகுதியில் ஒன்று இருக்கும்; பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் இன்னொன்று தொங்கும். நான்கைந்து நாட்களுக்குள் பல நாட்டுப் படங்கள் வரிசையாக ஓடுமிடத்திற் பார்வையாளனுக்கு ஒரு வழிகாட்டி வேண்டியிருப்பது இயல்பே. அதிற் குறைகாண எதுவுமில்லை. ஆனால் பட்டியல் என்பது படங்களைப் பற்றிய செய்தி மாத்திரமன்று. அதனை ஆக்கியவர் எதனைக் கண்டு பழகியவர், எதனைக் காணாது விடப் பழகியவர் என்பதையும் அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இலங்கையின் மத்திய மலைநாடு இப்பட்டியல்களுள் நுழையும் விதம் இதற்குத் தக்க சான்றாகும். நுவரெலியாவையோ ஹற்றனையோ பின்புலமாகக் கொண்ட படமொன்று பரிந்துரைக்கப்படும்போது அதனுடன் சில அடைமொழிகள் தவறாது ஒட்டிக்கொண்டு வரும். பனி மூடிய மலைகள், பச்சைக் கம்பளம், கண்ணை விட்டகலாத ஒளிப்பதிவு என்பன அவை. நிலத்தின் அழகு படத்தின் தரத்திற்குச் சான்றாக நிறுத்தப்படுகிறது. அந்த நிலத்தை அவ்வாறு ஆக்கியவர்கள் படத்தில் வாய் திறந்தார்களா என்ற வினா மட்டும் எழுப்பப்படுவதில்லை. மலையகத்தைக் காட்டும் எந்தப் படத்தையும் பரிந்துரைக்குமுன் கண்ணால் மாத்திரமன்றிக் காதாலும் அதனைச் சோதித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

பச்சைக் கம்பளம் என்னும் அடைமொழியையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். தேயிலை இயல்பாக ஒரு மரம். அதனை அதன் போக்கில் விட்டால் ஆளுயரத்திற்குப் பன்மடங்கு மேலாக வளர்ந்து கிளைபரப்பி நிற்கும். இடுப்பளவு உயரத்தில் தட்டையான மேசைபோல அது தோன்றுவதற்குக் காரணம், ஏறக்குறைய வாரத்திற்கொருமுறை கொழுந்தெடுக்கும் பெண்களின் விரல்களும், சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டும் ஆண்களின் கத்தியுமாகும். மலைச்சரிவில் மண் வழுகிவிடாது காப்பவை அவர்கள் வெட்டிய கான்கள். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒற்றையடிப் பாதைகளைத் தேய்த்தவை அவர்களின் கால்கள். ஆகவே தேயிலை மலையின் அழகு கடலின் அழகு போன்றதன்று. கோபுரத்தின் அழகு போன்றது. சிற்பியைப் பற்றி ஒரு சொல்லும் இன்றிக் கோபுரத்தை மாத்திரம் காட்டும் படத்தைக் கட்டடக்கலை பற்றிய படம் என்று எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார். தேயிலை மலைக்கு மட்டும் அந்தச் சலுகை தாராளமாக வழங்கப்படுகிறது.

இச்சலுகைக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் நிற்பது, உலக விவரணப்படங்களின் எந்தச் சிறந்த பட்டியலிலிருந்தும் நீக்கமுடியாத ஒரு படம் என்பதே இதிலுள்ள சிக்கல். பசில் ரைற் நெறிப்படுத்தி, ஜோன் கிரியேர்சன் தயாரித்த ‘சோங் ஒஃப் சிலோன்’ 1934ஆம் ஆண்டிற்குரியது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்திலே அது உருவாயிற்று. 1935இல் பிரசல்ஸ் நகரில் நடைபெற்ற சர்வதேசத் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. ஒலியையும் காட்சியையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பொருள்பிறப்பித்த ஆரம்பகாலச் சாதனைகளுள் ஒன்றாக இன்றும் திரைப்படக் கல்லூரிகளில் அது கற்பிக்கப்படுகிறது. இவை யாவும் உண்மை. இவற்றை மறுப்பது பேதைமை.

எனினும் அப்படத்தின் ஒலியமைப்பை ஊன்றிக் கேட்டல் வேண்டும். பெரும்பகுதிக்கு விளக்கவுரையாக அமைவது றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வாசகம். அதனைப் படிப்பவர் கொழும்பின் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞரான லயனல் வென்ற். நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக இருந்தவன். அவன் எழுதிய காலத்தில் இந்நாட்டில் தேயிலைத் தோட்டம் இல்லை. தோட்டத் தொழிலாளரும் இல்லை. ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இலேயே. ஆகவே தேயிலைப் பிரசார சபைக்காக எடுக்கப்பட்ட படம், தேயிலை இந்நாட்டில் வேரூன்றுவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வாசகத்தைக் கொண்டு பேசுகிறது. கொழுந்து பறிப்பவளைப் பற்றிச் சொல்ல அந்த வாசகத்தில் ஒரு சொல்லும் இருக்கமுடியாது. தற்செயலாயினும் தெரிவாயினும் இதனால் விளையும் பயன் ஒன்றே.

படத்தின் நான்கு பகுதிகளுள் மூன்றாவதான ‘வாணிபத்தின் குரல்கள்’ என்பதிலேதான் நவீன இலங்கை வருகிறது. அங்கே உழைப்பின் காட்சிகளின்மீது சந்தை விலைகளும் வணிகக் கடிதங்களின் வாசகங்களும் ஆங்கிலேயக் குரல்களில் ஒலிக்கின்றன. இதனை வாணிபத்தின் மீதான நுட்பமான எள்ளல் என்று புகழும் விமர்சகர் பலர். எள்ளலாகவே இருக்கட்டும். அந்த எள்ளலும் வணிகனின் குரலிலேயே நிகழ்கிறது. அவன் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறான் என்று கொண்டாலும், பேசுபவன் அவனே. தொழிலாளர் சிறிது நேரம் தோன்றி வேலைசெய்து மறைகின்றனர். முதற்பகுதியிற் பக்தர்கள் சிவனொளிபாத மலையில் ஏறுகின்றனர். அந்த மலையைச் சூழ்ந்து கிடக்கும் மஸ்கெலியாப் பகுதித் தோட்டங்களின் லயன்களுக்குள் கமரா இறங்கவில்லை. பரிசு பெற்ற இலங்கை, கோவிலும் கிராமமும் நடனமுமான இலங்கை. படத்துக்குப் பணம் கொடுத்த தேயிலையின் இலங்கையன்று.

தொழிலாளிக்கு அக்காலத்தில் குரலே இருக்கவில்லை, கமரா என் செய்யும் என்று எவரேனும் கேட்கக்கூடும். குரல் இருந்தது. கோ. நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஹற்றனில் அமைத்தது 1931இல். ரைற்றின் குழு வந்திறங்குவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாட்டுக்கட்டிப் பாடிவந்தார். அப்பாடல்கள் அச்சிலும் வந்தன. இலங்கையின் பாட்டு என்று பெயர் சூட்டிய படம் கேட்கத் தவறிய பாட்டு அது. துரைமார் அதனைக் கேட்டிருந்தனர். கேட்டதனாலேதான் நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழைய முடியாதவாறு தடைசெய்தனர்.

அப்படியாயின் ‘சோங் ஒஃப் சிலோன்’ பட்டியலிலிருந்து நீக்கப்படவேண்டுமா? வேண்டியதில்லை. அது பார்க்கப்படவேண்டும், வாதிட்டுப் பார்க்கப்படவேண்டும். எதற்காக, எவருடைய பணத்தில், எவருடைய வாசகத்தோடு எடுக்கப்பட்டது என்னும் மூன்று விவரங்களையும் பரிந்துரையோடு சேர்த்து அச்சிட்டால் போதும். இன்றைய பட்டியல்கள் அதனைச் செய்வதில்லை. ‘இலங்கையைப் பற்றிய கவிதை’ என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்கின்றன.

ரைற்றிடம் கலையாவது இருந்தது. அதற்கு இருபது ஆண்டுகளின் பின் பரமவுண்ற் நிறுவனம் எடுத்த ‘எலிபன்ற் வோக்’ படத்தில் அதுவும் இல்லை. வில்லியம் டீற்றர்லே நெறிப்படுத்த, எலிசபெத் ரெயிலர் தோட்டத்துரையின் மனைவியாக நடித்தார். துரையின் மாளிகை யானைகளின் பழைய வழித்தடத்தை மறித்துக் கட்டப்பட்டது என்பதே கதையின் முடிச்சு. கொள்ளைநோய் பரவித் தொழிலாளர் மடிகின்றனர். அந்த மரணங்கள் துரைசானியின் தியாக உள்ளத்தை வெளிப்படுத்துவதற்கு வாய்ப்பளிக்கின்றன. வழிமறிக்கப்பட்ட யானைகளுக்குப் படத்தில் ஒரு நியாயம் உண்டு. அவை இறுதியில் மாளிகையைத் தகர்த்து அந்த நியாயத்தை நிலைநாட்டுகின்றன. தொழிலாளருக்கு அந்த யானைகளுக்குக் கிடைத்த அளவு நியாயமும் கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கி ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர்களின் எதிர்காலத்தைப் பற்றி நேருவும் கொத்தலாவலையும் ஒப்பந்தம் செய்துகொண்டதும், படம் வெளியானதும் ஒரே ஆண்டில், 1954இல்.

அதே 1954இல் அமெரிக்காவிலேயே வெளியான இன்னொரு படத்தை இதனருகே வைத்து நோக்குதல் பயனுடையது. ஹேபேர்ட் பைபர்மன் நெறிப்படுத்திய ‘சோல்ற் ஒஃப் தி ஏர்த்’ நியூ மெக்சிக்கோ மாநிலத்துத் துத்தநாகச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைப் பொருளாகக் கொண்டது. தலைமைப் பாத்திரத்தில் நடித்த ஹுவான் சக்கோன் அத்தொழிலாளரின் சங்கத் தலைவரே. அவருடைய மனைவியாக நடித்த மெக்சிக்கோ நடிகை றொசௌரா றெவுவெல்ரஸ் படப்பிடிப்பு முடியுமுன்னரே நாட்டைவிட்டு வெளியேறும் நிலைக்கு உள்ளானார். அமெரிக்கப் படமாளிகைகள் பெரும்பாலும் படத்துக்குக் கதவை அடைத்தன. செக்கோசிலவாக்கியாவின் கார்லோவி வாரி விழாவோ அதற்கு உயரிய பரிசை அளித்தது. ஆணாதிக்கத்தோடு சங்கத்துக்குள்ளேயே பெண்கள் நடத்தும் போராட்டத்தை அத்துணை நேர்மையாகக் காட்டிய படங்கள் இன்றும் அரிது. கொழுந்தெடுக்கும் கைகள் பெண்களுடையனவாகவும், சங்க மேடையின் நாற்காலிகள் பெரிதும் ஆண்களுடையனவாகவும் இருந்துவந்த மலையகத்தில் இப்படம் ஒருமுறையேனும் காட்டப்படவேண்டும். மலையகத்தைப் பற்றிய படம் மலையகத்தில் எடுக்கப்பட்டதாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. மறுதலையாக, மலையகத்தில் எடுக்கப்பட்டவை மலையகப் படங்களுமல்ல. 1957இல் வெளியான ‘தி பிரிட்ஜ் ஒன் தி றிவர் குவாய்’ படத்துக்காகக் கித்துல்கலை பர்மாவாயிற்று. 1984இன் இந்தியானா ஜோன்ஸ் படத்துக்காகக் கண்டிச் சூழல் வட இந்தியாவாயிற்று. இவற்றையும் நம்மூர்ப் படங்களாகப் பெருமையுடன் வரிசைப்படுத்தும் பட்டியல்கள் உண்டு.

வெளிநாட்டாரை மாத்திரம் குறைகூறி அமைதலும் நேர்மையன்று. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ 1956இல் சிங்களப் படத்தைத் தென்னிந்தியக் கலைக்கூடங்களின் அட்டைச் சுவர்களுக்குள்ளிருந்து மீட்டெடுத்தது. அவருடைய ‘கம்பெரலிய’ 1965இல் புதுடில்லி விழாவில் தங்கமயில் விருது பெற்றது. அந்த மீட்பு இந்நாட்டுக் கலைக்கு நேர்ந்த பெரும்பேறு. ஆயினும் அதன் விளைவாக ‘உண்மையான இலங்கை’ என்றால் சிங்களக் கிராமம் என்ற எண்ணம் விழாக்களில் நிலைபெற்றது. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைப் பல தசாப்தங்களாகத் தாங்கிய லயன் வரிசை அந்த யதார்த்தத்தின் எல்லைக்கு வெளியே நின்றது.

ஈழத்துத் தமிழ்ப் படங்கள் அவ்வெல்லைக்குள் கால்வைக்க முயன்றன. 1963இல் கிருஷ்ணகுமார் ‘தோட்டக்காரி’யைத் தந்தார். 1975இல் தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து நடிக்க, எஸ். இராமநாதன் நெறிப்படுத்திய ‘புதிய காற்று’ வெளிவந்தது. மலையகத்தின் முன்னணிப் புனைகதையாளர் தெளிவத்தை ஜோசப் அதன் எழுத்தில் பங்குகொண்டார். தென்னிந்திய வணிகப்படத்தின் பாணி அதனை விட்டகலவில்லை என்பது மெய்யே. எனினும் அது வெளிவந்த காலத்தை மறத்தலாகாது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த 1974இற்கு மறுவருடம், கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட அதே வருடம் அது. சங்க மேடையில் நின்ற ஒருவர் திரையில் நின்றார். மலையகத்து எழுத்தாளர் ஒருவரின் தமிழ் திரையில் ஒலித்தது. உலக விழாக்களின் எந்த நுண்கலைத் தராசிலும் இவற்றுக்கு ஒரு நிறை இருத்தல் வேண்டும். 1983 யூலையில் ஹெந்தளை விஜயா கலைக்கூடம் எரியூட்டப்பட்டபோது பல படங்களின் மூலப்பிரதிகள் சாம்பராயின. உலகின் பெரிய விழாக்கள் பழைய படங்களைத் தேடியெடுத்துப் புதுப்பித்துக் காட்டுவதற்கெனத் தனிப் பிரிவே வைத்திருக்கின்றன. இந்நாட்டில் நடைபெறும் விழாவொன்று ‘புதிய காற்று’க்கு ஒரு நல்ல பிரதியைத் தேடி, அதற்கு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் துணையுரை சேர்த்துத் திரையிடுமாயின், வெளியிலிருந்து வரவழைக்கும் பத்துப் படங்களினும் அது பெரும்பணியாகும்.

விவரணப்படத்துறையில் ஒரு முயற்சி தனித்துக் குறிப்பிடற்குரியது. 1973இல் பிரித்தானியக் கிரனாடாத் தொலைக்காட்சியின் ‘வேர்ல்ட் இன் அக்ஷன்’ நிகழ்ச்சி, ஒரு கோப்பைத் தேநீரின் விலை என்னும் பொருள்படும் தலைப்பில் இலங்கைத் தோட்டங்களின் நிலைமையைப் பிரித்தானிய வீடுகளுக்குள் கொண்டுசென்றது. அங்குப் பெரும் அதிர்ச்சி எழுந்தது. தேயிலையின் அழகை விற்பதற்குப் பயன்பட்ட அதே கமராவினால் அதன் விலையையும் கேட்கமுடியும் என்பதற்கு அது சான்று. ‘சோங் ஒஃப் சிலோன்’ காட்டப்படும் அரங்கில், அதற்கு அடுத்த காட்சியாக, இடைவேளைகூட இன்றி இதனைக் காட்டுதல் வேண்டும். விழா அமைப்பாளர் எவரும் இதுவரை சிந்தியாத இரட்டைக் காட்சியாக அது அமையும்.

அண்மைக்காலப் படங்களுட் பிரசன்ன விதானகேயின் இரண்டு படங்கள் பட்டியல்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. ‘ஒப நத்துவா ஒப எக்க’ 2012இல் மொன்றியல் விழாவில் முதன்முதல் காட்டப்பட்டது. தஸ்தயேவ்ஸ்கியின் கதையொன்றைத் தழுவி, மலையக நகரொன்றில் அடகுக்கடை நடத்தும் முன்னாட் சிங்களச் சிப்பாய்க்கும் செல்வி என்னும் தமிழ்ப் பெண்ணுக்கும் இடையிலான உறவை அது ஆராய்கிறது. செல்வியாக நடித்த அஞ்சலி பாட்டீல் அவ்வாண்டு கோவாவில் இந்திய சர்வதேச விழாவின் சிறந்த நடிகைக்கான வெள்ளிமயில் விருதைப் பெற்றார். 2014இல் சென்னையில் இப்படத்தின் திரையிடல்கள் எதிர்ப்பினால் நிறுத்தப்பட்டன. சிங்களவர் எடுத்த படம் என்பதே எதிர்த்தோருக்குப் போதுமான காரணமாயிற்று. தன் இராணுவத்தான் செய்த குற்றத்தை அவனுடைய வாயினாலேயே ஒப்புக்கொள்ள வைக்கும் படம் அது என்பதைப் பார்த்தறியும் பொறுமை அவர்களுக்கில்லை. பாராமலே தடுப்பதும் பாராமலே பரிந்துரைப்பதும் ஒரே நோயின் இரு வடிவங்கள். எனினும், செல்வி போரினால் வடக்கிலிருந்து வந்தவள். மலை அவளுக்கும் அடகுக்கடைக்காரனுக்கும் ஒதுங்குமிடம் மாத்திரமே. அங்கேயே பிறந்து அங்கேயே உழைப்பவர் கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர்.

அவருடைய ‘பரடைஸ்’ 2023இல் பூசான் விழாவில் கிம் ஜிசொக் விருதைப் பகிர்ந்துகொண்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் நடுவே மலையகத்திற்குச் சுற்றுலா வரும் கேரளத் தம்பதியரின் பொருட்கள் களவுபோகின்றன. பொலிஸார் தோட்டத் தமிழரைப் பிடித்துச் செல்கின்றனர். காவலில் ஒருவர் உயிரிழக்கிறார். இங்கேயும் கதையின் நடுவே இருப்போர் பயணிகளே. ஆனால் இப்படம் தன் குறையைத் தானே அறிந்திருக்கிறது. பயணியின் கண்ணுக்கு மலை எவ்வாறு விருந்தாகிறது, அந்த விருந்து கெடும்போது எவனுடைய உடல் விலையாகிறது என்பதே அதன் பொருள். ‘கண்கவர் ஒளிப்பதிவு’ என்று இப்படத்தையும் பரிந்துரைப்பவர், அப்படம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருப்பது தம்மையே என்பதை உணராதவர்.

இவ்விரண்டையும்விட முதன்மை பெறவேண்டியதும், பட்டியல்களில் மிக அரிதாகவே இடம்பெறுவதும் ‘இங்கிருந்து’. பேராதனைப் பல்கலைக்கழக ஆங்கிலத்துறையைச் சேர்ந்த சிவமோகன் சுமதி 2013இல் அளித்த இத்தமிழ்ப் படம் மலையகத் தமிழரையே பொருளாகக் கொண்டது. கதையும் விவரணமும் ஒன்றோடொன்று கலந்து செல்லும் அமைப்புடையது. ஒழுங்கான கதையோட்டத்திற்குப் பழகிய கண்ணுக்கு அது இடறலாகத் தோன்றலாம். சில இடங்களில் அந்த இடறல் தேவையற்றதும்கூட. ஆனால் தலைப்பே ஒரு நிலைப்பாடு. எங்கிருந்து வந்தவர் என்று இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்படும் ஒரு மக்களுக்கு ‘இங்கிருந்து’ என்பது விடையாகவும் எதிர்வழக்காகவும் அமைகிறது. பேராதனையிலிருந்தே ஒருவர் இப்படத்தை எடுத்திருக்கையில், பேராதனை மாணவருள் இதனைப் பார்த்தவர் எத்தனைபேர் என்ற கணக்கு வெட்கந்தருவதாகவே இருக்கும்.

கடல்கடந்த தமிழகத்தின் ‘பரதேசி’யும் இங்கே எண்ணத்தக்கது. பாலா 2013இல் எடுத்த இப்படம், வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969இல் வெளியிட்ட ‘ரெட் ரீ’ நாவலிலிருந்து ஊக்கம் பெற்றது, அந்நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கியுள்ளார். படத்தில் துயரம் பாத்திரங்களை நசுக்குமளவுக்குக் குவிக்கப்பட்டிருக்கிறது. மதமாற்றம் பற்றிய பகுதி மலிவான நையாண்டி. ஆயினும் கங்காணி முறையின் கண்ணியை, ஊரில் கொடுக்கும் முற்பணம் மலையில் தீராக் கடனாக மாறும் விதத்தை, இத்துணைத் தெளிவாகத் தமிழ்த்திரை வேறெங்கும் காட்டியதில்லை. அதே கண்ணியின் வழியேதான் மன்னார்க் கரையிறங்கி மாத்தளைவரை காட்டுவழி நடந்தோரும் வந்தனர். 2023இல் அந்த இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள், திரையில் எவரும் நடத்திக்காட்டாத ஒரு நடையைத் தம் கால்களாலே நடித்துக்காட்டினர் எனலாம்.

கலை என்பது தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரமன்று, அழகைக் காட்டும் உரிமை கலைஞனுக்கு உண்டு என்ற மறுப்பு எழும். விமர்சன அரங்குகளில் இது பழகிய மறுப்பே. கோஷம் எழுப்பும் படத்தை இங்கு எவரும் கேட்கவில்லை, கேட்கப்படுவது மொழி. விஸ்கொந்தி 1948இல் ‘லா தெர்ரா திரேமா’ படத்தில் சிசிலி மீனவரை அவர்களுடைய பேச்சுமொழியிலேயே பேசவைத்தார். இத்தாலியருக்கே அது விளங்காது என்பதனால் விளக்கவுரை சேர்க்கவேண்டியதாயிற்று. எனினும் மீனவரின் வாயில் அவர் பிறமொழியைத் திணிக்கவில்லை. எர்மான்னோ ஒல்மி 1978இல் பெர்கமோ உழவரின் பேச்சுமொழியில் எடுத்த ‘மரக்காலணிகளின் மரம்’ கான் விழாவின் தங்க ஓலையைப் பெற்றது. இவற்றைக் கோஷப் படங்கள் என்று கூறத் துணிபவர் எவருமிலர். அழகுக்கும் குரலுக்கும் பகையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மலையகத்தின் பேச்சு அத்தகைய செவிக்காகவே காத்திருக்கிறது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் வாசிக்கும் ஒலி, மழையில் படங்குச் சாக்கை இடுப்பிற் கட்டும்போது எழும் சரசரப்பு, கொழுந்து மடுவத்தில் நிறையைச் சொல்லும் குரலும் அதனை மறுக்கும் குரலும், காமன் கூத்திரவில் தப்பின் அதிர்வு ஆகியவற்றுள் எதற்கும் ஒளிப்பதிவாளர் தேவையில்லை, ஒலிப்பதிவாளர் தேவை. குறித்த நிறைக்குக் குறைந்த கொழுந்து கொண்டுவந்தவளுக்குப் போடப்படுவது ‘அரைப்பேர்’. ஆங்கிலத் துணையுரை அதனை அரைநாட் கூலி என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஒரு மனுஷியின் பெயரைப் பாதியாக வெட்டி ஏட்டிற் பதிவுசெய்யும் வழக்கம் அந்தச் சொல்லில் இருக்கிறது. அதனைக் கேட்ட நெறியாளன் எவனும் அதன்பிறகு பனிமூட்டத்தைப் படம்பிடிப்பதோடு நின்றுவிடமாட்டான்.

படமாகக் காத்துக்கிடக்கும் நிகழ்ச்சிகளுக்கும் குறைவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியான கோவிந்தன் ஒருவர். 1977 மேயில் டெவன் தோட்டத்தில் காணிப் பிரிப்பை எதிர்த்து நின்று உயிர்நீத்த சிவனு லட்சுமணன் மற்றொருவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்குப் பாடம்போலக் கூறுபோட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. மலையகப் புகையிரத நிலையங்களில் ஒரே குடும்பத்தார் இரு நாட்டவராகப் பிரிந்தழுதனர். தலைமன்னாரிற் கப்பலேறியோர் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மீண்டும் மலையேறினர். ஐரோப்பாவில் எல்லைகள் கிழித்த குடும்பங்களைப் பற்றி விழாதோறும் ஒரு படமாவது வருகிறது. அவற்றைப் பார்த்துக் கொழும்பு அரங்குகள் கண்கலங்குகின்றன.

விழாக்கள் எங்கே நடைபெறுகின்றன என்பதும் இதனோடு சேர்ந்த வினாவே. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழாவொன்று தொடங்கப்பட்டது. போர் முடிந்து ஆறே ஆண்டுகளில் அது இயன்றது. ஹற்றனில் அவ்வாறொன்றை எண்ணிப்பார்ப்பதற்கு எந்தப் போரும் தடையாயிருக்கவில்லை. ஆகவே பட்டியல் எழுதுவோரிடம் வேண்டப்படுவது பெரிதன்று. மேற்சொன்ன படங்களுள் ‘இங்கிருந்து’ முதலாவதாகவும், ரைற்றின் படமும் கிரனாடாப் படமும் ஒரே காட்சியாகவும், பைபர்மனின் படம் தமிழ்த் துணையுரையுடனும் அமையட்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் துணையுரை எழுதும் பணியை ஏற்கலாம். மலையகத்திலிருந்து வந்து பயிலும் மாணவர் அதற்குத் தகுதியுடையோர் மாத்திரமல்லர், அரைப்பேர் என்பதன் பொருள் அறிந்தோருமாவர். திரையிடலை ஹற்றன் நகர மண்டபமொன்றில் வைப்பதாயின் ஞாயிற்றுக்கிழமையே பொருத்தம். சம்பளநாளுக்குப் பிந்திய ஞாயிறாயின் மேலும் நன்று. பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் கடைசிப் பேருந்து புறப்படுமுன் படமும் அதன்பின் வரும் கலந்துரையாடலும் முடிந்துவிடவேண்டும். கலந்துரையாடலில் ஒலிவாங்கியை முதலிற் பெறவேண்டியவர் கொழும்பிலிருந்து வந்த விமர்சகரல்லர்.